எஞ்சினுக்கு வைத்த நான்கு பொட்டு

என் தாய்மாமாவுக்கு முப்பத்து நான்கு வயதில் ஒரு பெண் அமைந்துவந்தது. அந்தப் பேச்சு முடிவதும் முறிவதும் ஒரு பழைய படகு எஞ்சின் கையில் இருந்தது. அந்த எஞ்சினுக்குப் பொறுப்பு நான். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள்.

கோவில்பதாகைப் பக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த ஒருவர், தண்ணீர் நிறைந்திருக்கும் மாதங்களில் கரையில் கொட்டகை போட்டு நான்கு படகுகளை விட்டிருந்தார். மூன்று படகுகள் காலால் மிதிப்பவை. அவற்றில் ஒன்று அன்னப்பறவை மாதிரி, கழுத்தில் விரிசலோடு. நான்காவதுதான் எங்கள் பெருமை: பின்னால் எஞ்சின் மாட்டிய மோட்டார் போட். மாமா அதன் டிரைவர். நான் சாயங்காலங்களில் அங்கே டிக்கெட் கிழிப்பேன். பகலில் தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் தாளில் எழுதியிருப்பது எதுவானாலும் என்னிடம் வந்துவிடும். ரேஷன் கார்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக் குக்கரோடு வந்த தாள், எல்லாம். படித்துவிட்டால் எதையும் சரியாகச் செய்துவிடலாம் என்று அவர்கள் நம்பினார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் நம்பினேன்.

அந்த எஞ்சினுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கரையில் குழந்தை மாதிரி சொன்னபடி கேட்கும். நடு ஏரிக்குப் போனதும் நின்றுவிடும். குத்தகைக்காரர் இரண்டு முறை அதை ஒரு பட்டறைக்கு அனுப்பி, முழுக் கூலியும் கொடுத்து, சர்வீஸ் பண்ணி வாங்கினார். இரண்டு முறையும் எஞ்சின் புது பெயிண்ட் பூசிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தது. இரண்டு முறையும் ஒரே வாரத்தில் நடு ஏரியில் நின்றது. முதல் தடவை மாமா கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்தி, ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆறு பேரைக் கரை சேர்த்தார். இரண்டாம் தடவை காலேஜ் பெண்கள் இருவர் அன்னத்தை மிதித்து வந்து அவரை இழுத்துப்போனார்கள். அன்றிலிருந்து கரையில் சுண்டல் விற்பவர் முதல் மீன் பிடிப்பவர் வரை அவரை ‘தள்ளு வண்டி’ என்றே கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பெயிண்டுக்குக் கீழே ஒரு திருகைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை. பழைய அழுக்கு அப்படியே இருந்தது, அதன்மேலும் பெயிண்ட்.

இந்த நிலையில்தான் வானகரத்திலிருந்து பெண் வீட்டார் பேச்சு வந்தது. பெண்ணின் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுபவர். மனைவி, மகளோடு வந்து மாமாவை எங்கள் வீட்டில் பார்த்தார், டீ குடித்தார், வேலையைப் பற்றி விசாரித்தார். வர்ற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏரிக்கு வருவதாகவும், மாப்பிள்ளை ஓட்டும் போட்டில் ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்பதாகவும், மீதியை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார். ஜாதகத்தைக் கேட்கவே இல்லை. ஒருவன் தன் மிஷினை வைத்திருக்கும் லட்சணம் தெரிந்தால் போதும் என்பது அவர் கட்சி என்று தரகர் பிறகு சொன்னார்.

மாமா அன்று சாப்பிடவில்லை. இதற்கு முன் நான்கு பெண் வீட்டார் வந்து போயிருந்தார்கள். இந்தப் பெண் மட்டும் கதவோரம் நின்று பார்த்ததில், அவர் டீ கிளாஸை மாற்றி அவள் அப்பாவுடையதைக் குடித்துவிட்டபோது சிரித்ததாம். அந்தச் சிரிப்பை மாமா எங்களிடம் பதினொரு முறை சொன்னார்.

“மாப்ள, நீ படிச்சவன்டா,” என்றார் என்னிடம். “இந்தத் தபா எஞ்சினைத் தொறந்து பாத்து வேலை செஞ்சாங்களான்னு நீதான் பாக்கணும். என் கல்யாணம் உன் கையில கீது.”

நான் அதை ஒரு பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டேன். கொட்டகையில் எஞ்சினோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று எலி கடித்துக் கிடந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதைப் படித்தேன். ‘சர்வீஸ் என்றால் என்னென்ன’ என்று நோட்டில் பன்னிரண்டு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டேன். அந்த நோட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன் என்று அம்மா இப்போதும் ஊரெல்லாம் சொல்கிறாள்.

கட்டம் போட்டால் மட்டும் போதாது, அத்தாட்சி வேண்டும். அதற்கும் ஒரு வழி எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா எஸ்டேட்டில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். அங்கே ஒரு நட்டை முடுக்கி, பரிசோதனை ஆனதும், நட்டின் மேலும் உடம்பின் மேலும் சேர்த்தாற்போல் ஒரு கோடு பெயிண்ட் இழுப்பார்கள், பிறகு யாராவது திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். என் அக்காவிடம் ஒரு நகப்பூச்சு இருந்தது. அதை எடுத்துப்போய், திறந்தே ஆக வேண்டிய நான்கு இடங்களில் வைத்தேன்: பிளக், கார்புரேட்டர் திருகு, அடியில் கியர் எண்ணெய் ஊற்றும் திருகு, தண்ணீர் பம்புக்குப் போகும் போல்ட். ஒவ்வொன்றிலும் பாதி திருகின் மேல், பாதி உடம்பின் மேல், ஒரு சின்னப் பொட்டு. வேலை செய்தால் பொட்டு உடையும். உடையாவிட்டால் திருடன். இதைக் கண்டுபிடித்த பெருமையில் அன்று மாலை டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்தேன்.

பழைய பட்டறைக்குப் போகவில்லை. மண்ணூர்பேட்டையில் ஒருவர் நன்றாகச் செய்வார் என்றார்கள். எஞ்சினைச் சாக்கில் சுற்றி, மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் மாமாவும் போனோம். மெக்கானிக் பெரிய உடம்புக்காரர். அவர் உட்கார்ந்தால் ஸ்டூல் தெரியாது. நான் நோட்டைத் திறந்து பன்னிரண்டையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன்.

“நீ நின்னுகினு பாத்தா என் கை ஓடாது,” என்றார். “சனிக்கெழம வந்து எடுத்துகினு போ, இன்ஸ்பெக்டரே.”

நான் சனிக்கிழமை வரை காத்திருப்பவனா? புதன்கிழமை போய், ஆங்கிலப் புத்தகம் வேண்டுமா என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தார், ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பினார், நன்றாக வரைந்திருக்கிறான் என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை எதிர் டீக்கடையில் உட்கார்ந்து நான்கு டீ குடித்தேன். எஞ்சின் மரச்சட்டத்தில் சாக்கு போர்த்தித் தொங்கியது. அவர் ஒரு மோட்டார் பம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பட்டறைக் கதவே சாத்தியிருந்தது. வீட்டுக்கு வந்தால் மாமா வாசலிலேயே நின்று, திறந்தானா, திறந்தானா என்று கேட்பார். அந்த வாரத்தில் அவர் மூன்று முறை முகச்சவரம் செய்துகொண்டார், மூன்றாவது முறை சவரம் செய்ய எதுவும் இருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் அதே மீன்பாடி வண்டியோடு போய் நின்றோம். எஞ்சின் துடைத்து மினுங்கியது. மினுக்கத்தைப் பார்த்ததுமே எனக்குப் பழைய பட்டறையின் பெயிண்ட் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தேன். பிளக்கில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. கார்புரேட்டரில் அப்படியே. அடியில் தலையைக் கவிழ்த்துப் பார்த்தேன், மற்ற இரண்டும் அப்படியே. உடையவில்லை, கீறல்கூட இல்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மாமாவின் கல்யாணத்தை ஒருவன் சாக்குப் போர்த்தித் தொங்கவிட்டிருக்கிறான்.

“அண்ணே, நீங்க இதைத் தொடவே இல்ல,” என்றேன். பொட்டு வைத்த கதை முழுவதையும், எங்கெங்கே, எதற்காக என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு முழுக்கக் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அட பாவி,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அது சாமிக்கு வெச்ச பொட்டுன்னு நான் நெனச்சேன்டா.”

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. எந்தப் பட்டறைக்குப் போனாலும் எஞ்சின், லேத், ஸ்பேனர் என்று எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருக்கும் நாட்கள். புதன்கிழமை ராத்திரியே அவர் பிளக்கைக் கழற்றியிருக்கிறார், பொட்டு உதிர்ந்துவிட்டது. பொட்டோடு வந்த எஞ்சினை வெறும் நெற்றியாகத் திருப்பி அனுப்பினால் பட்டறைக்கு ஆகாது என்பது அவர் வைத்திருந்த விதி. நான்கையும் கழற்றி, வேலை முடித்து, வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், மனைவியின் நகப்பூச்சைக் கெஞ்சி வாங்கிவந்து, அதே இடத்தில், அதே அளவில், பாதி திருகில் பாதி உடம்பில் திரும்ப வைத்திருக்கிறார். வெறும் பொட்டு எதற்கு இப்படி ஓரத்தில் இருக்கிறது என்று யோசித்ததாகவும், படித்த பிள்ளைகள் சாமி கும்பிடும் விதம் வேறுபோல என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நான் இதை நம்பவில்லை. இதுவும் ஒரு கதைதான் என்றேன். அவர் என் அக்காவின் பொட்டு ரோஸ் நிறம், தன் மனைவியுடையது நல்ல சிவப்பு என்று காட்டினார். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை. மீன்பாடி வண்டிக்காரருக்கும் தெரியவில்லை. ஆண்கள் நான்கு பேர் ஒரு போல்டைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, இது ரோஸா சிவப்பா என்று கால்மணி நேரம் வாதாடினோம்.

கடைசியில் நான் நோட்டைத் திறந்து, ஓட்டிக் காட்டச் சொன்னேன். படகு எஞ்சினைத் தண்ணீரில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். பட்டறையில் இருந்த டிரம்மில் அடி ஓட்டை. இரண்டு வீடு தள்ளி, பழைய ஊர்க்காரர்கள் வீட்டில் எருமைகளுக்கான சிமெண்ட் தொட்டி இருந்தது. அந்த வீட்டம்மாவிடம் போய் மெக்கானிக் கேட்டார். ஐந்து நிமிஷம்தான் என்று சத்தியம் செய்த பிறகு சரி என்றாள். தொட்டி விளிம்பில் பலகையை வைத்துக் கட்டி, எஞ்சினை மாட்டினோம். எருமை ஒன்று இதையெல்லாம் அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது.

கயிற்றை ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்பக்கத் துளையிலிருந்து ஒரு மெல்லிய தண்ணீர்த் தாரை சர்ரென்று பீய்ச்சியது. புத்தகத்தில் படித்திருந்தேன், பம்பு வேலை செய்தால் அப்படித்தான் துப்பும். இதற்கு முன் அது துப்பி நான் பார்த்ததே இல்லை. அந்தத் தாரையில் கையை நீட்டினேன், முகத்தைக் காட்டினேன், குடிக்காததுதான் பாக்கி. மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நோட்டில் இன்னும் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. இருபது நிமிஷம் தொடர்ந்து ஓட வேண்டும் என்பது பதினொன்று. கியர் போட்டுப் பார்ப்பது பன்னிரண்டு. மெக்கானிக் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன். பிறகு, கியரும் போடுங்கள் என்றேன்.

“உன் இஷ்டம், இன்ஸ்பெக்டரே,” என்று சொல்லி அவர் நாலடி பின்னால் நகர்ந்துகொண்டு, கையை மட்டும் நீட்டிக் கியரைத் தள்ளினார்.

தொட்டித் தண்ணீர் முழுவதும் எழுந்து நின்றது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுந்து நின்றது, பிறகு எங்கள் மேல் விழுந்தது. வைக்கோல் துரும்பு, பாசி, பிண்ணாக்கு எல்லாம் சேர்ந்து. வீட்டம்மாவின் கொடியில் காய்ந்த புடவைகள், வண்டிக்காரரின் பீடி, என் நோட்டு, எதுவும் தப்பவில்லை. எருமைக்குப் பிண்ணாக்கு அதன் மூக்கிலேயே வந்து ஒட்டியது; நாக்கை நீட்டி நக்கிக்கொண்டது. வீட்டம்மா விளக்குமாற்றோடு வந்தாள். நானும் மாமாவும் மெக்கானிக்கும் தெருவில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விட முடியாமல் சிரித்தோம். தொட்டியை நிரப்ப மூவரும் பதினெட்டுக் குடம் தண்ணீர் அடித்துக் கொடுத்த பிறகுதான் அவள் எஞ்சினைத் தொடவிட்டாள்.

நனைந்த நோட்டில் பன்னிரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன். மெக்கானிக்கை ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கூப்பிட்டார் மாமா.

ஞாயிறு சாயங்காலம் பெண் வீட்டார் வந்தார்கள். அப்பா, அம்மா, பெண். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் அசையாமல் நின்றார். மெக்கானிக் வெள்ளை வேட்டி கட்டி வந்து, கரையில் என் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது. பெண்ணின் அப்பா தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்; முகம் மலர்ந்தது. படகு கரையோரமாக ஒரு வட்டம் போட்டு, நேராக நடு ஏரிக்குப் போனது. பெண்ணின் தாவணி காற்றில் பறந்தது. சுண்டல்காரர்கூடக் கைதட்டினார்.

நடு ஏரியில் எஞ்சின் ஒருமுறை இருமியது. ஒரு கணம் வேகமெடுத்தது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது.

மெக்கானிக்கின் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தில் பயம் இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது என் வேலை நின்ன சத்தம் இல்ல,” என்றார். “பெட்ரோல் தீந்து நின்ன சத்தம். டேங்குல எவ்ளோ ஊத்துன?”

நான் ஊற்றவில்லை. மெக்கானிக் ஊற்றியிருப்பார் என்று மாமா நினைத்திருக்கிறார். நாங்கள் ஊற்றுவோம் என்று மெக்கானிக் நினைத்திருக்கிறார். நானோ பன்னிரண்டு கட்டமும் நிரம்பிவிட்டதால் எதையுமே நினைக்கவில்லை. எஞ்சினோடு சேர்ந்த டேங்கில் இருந்ததை எருமைத் தொட்டியில் இருபது நிமிஷம் நானே எரித்து முடித்திருந்தேன். பெட்ரோல் போட வேண்டும் என்று அந்த ஆங்கிலப் புத்தகத்தில் சர்வீஸ் பகுதியில் எங்கேயும் இல்லை.

கொட்டகையில் கேனில் பெட்ரோல் இருந்தது. கரையில் மிச்சம் இருந்தது அன்னம் மட்டும். நானும் மெக்கானிக்கும் ஏறினோம். அவர் உட்கார்ந்த பக்கம் அன்னம் தண்ணீரில் அழுந்தியது. என் பக்கம் மேலே தூக்கியது. என் பெடல் பாதி நேரம் காற்றில் சுற்றியது. நேராகப் போக மிதித்தால் அன்னம் வட்டமடித்தது. மறுபடி வட்டமடித்தது. கரையில் கூட்டம் கூடிவிட்டது. இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் மிதி என்று ஏரியே எங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது. நான் கேனைத் தொடைக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, மாமாவின் கல்யாணம் போச்சே என்று முனகியபடி மிதித்தேன். கடைசியில் நான் அவர் மடியோரம் நகர்ந்து, என் காலையும் அவர் பெடலில் வைத்த பிறகுதான் அன்னம் கோணலாக முன்னேறியது.

மோட்டார் போட்டை நெருங்கியபோது அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு, எங்கள் அன்னத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் சிரித்தாள். எஞ்சின் நின்றதுமே மாமா டேங்கைத் திறந்து பார்த்து, பெட்ரோல் ஊற்ற மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். என் பெயரைச் சொல்லவே இல்லை.

அதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? அன்னத்தில் நின்றபடி, நகப்பூச்சு முதல் எருமைத் தொட்டி வரை எல்லாவற்றையும் பெண்ணின் அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். மெக்கானிக் இடையிடையே, சாமிப் பொட்டு என்று நினைத்தேன் சார் என்று சேர்த்துக்கொண்டார். பெண்ணின் அப்பா எஞ்சின் பக்கம் திரும்பி, கண்ணாடியை இறக்கி, பிளக்கின் பொட்டை நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார். தன் கம்பெனியில் அந்த மார்க் இல்லாமல் ஒரு நட்டு கேட்டைத் தாண்டாது என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாம் சரிப்பா. பெட்ரோலுக்கு எங்க பொட்டு வெச்ச?”

அவர் மகள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். இந்த முறை மாமாவும் சிரித்தார்.

மெக்கானிக் பெட்ரோல் ஊற்ற, ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்தது. அன்னத்தைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மாமா கரைக்கு ஓட்டினார். துப்பும் தாரை நேராக எங்கள் மேல் தெறித்தது. நாங்கள் அப்படியே நனைந்தபடி வந்தோம். கரை வந்ததும் பெண்ணின் அப்பா மகளைப் பார்த்து, இன்னாம்மா சொல்ற என்று கேட்டார். அவள் தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, எஞ்சினைப் பார்த்தே பதில் சொன்னாள்.

“இன்னொரு ரவுண்டு போலாம்பா.”

மாமா என்னைப் பார்த்தார். நான் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டேங்கு மூடியைத் திறந்து, கழுத்துவரை ஊற்றி, நம்பாமல் விரலை விட்டுப் பார்த்து, ஈர விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.